மாதுங்காவில் அப்பா சொன்ன கதை

பால் தாக்கரே 1960-இல் தொடங்கிய ‘மார்மிக்’ என்ற கார்ட்டூன் வார இதழ், பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. வெறும் பட்டியல்தானே என்று, தமிழர்கள் நிறைய இருந்த பம்பாய் மாதுங்காவில் நம்மவர்களே விட்டுவிட்டார்களாம், அப்பா சொல்வார். அப்புறம் 1966-இல் அதே தாக்கரேயின் சிவசேனா கட்சி வந்தது, லுங்கிக்காரர்களை விரட்டு என்ற கோஷம் வந்தது, உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது, 1968 மாநகராட்சித் தேர்தலில் அதே கட்சி 42 இடங்களைப் பிடித்தது. எட்டே வருடம். எனக்கு அதிகம் வலிப்பது கல் எறிந்தவர்களை நினைத்துக்கூட இல்லை, ‘அவங்க சொல்றதிலயும் நியாயம் இருக்கே’ என்று டீக்கடையில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்த பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துத்தான். போன வாரம் எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாட்ஸப் குழுவில் வட இந்திய டாக்சிக்காரர்களைப் பற்றி அதே மாதிரி ஒரு செய்தி வந்தது. கைதட்டல் போட்டவர்களில் நாலு பேர் தமிழர்கள்.