பத்து விநாடி

2025 செப்டம்பர் 19, வெள்ளி
பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இடது காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "ஏறும்போது விழுந்துருச்சா?" என்றார். ஆமாம் என்று சிரித்து வைத்தேன். ஏறும்போது விழவில்லை. எங்கே கழன்றது என்றே தெரியாது.

செப்டம்பர் 22
எலும்பு டாக்டர். கையை நீட்டி, பத்து விநாடிக்குள் எத்தனை தடவை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினார். குறைந்தது இருபது வர வேண்டுமாம். எனக்கு 16. அப்புறம் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார், கட்டைவிரல் துள்ளியது. நான் அசைக்கவில்லை, அதுவாகத் துள்ளியது. அடி மேல் அடி வைத்து நேராக நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எக்ஸ்ரேல எலும்பு தேய்ஞ்சிருக்குறது தெரியுது. உங்க வயசுல அது நிறைய பேருக்கு இருக்கும். தண்டுவடத்தை அமுக்குதான்னு இதுல பாக்க முடியாது. எம்.ஆர்.ஐ. எடுங்க, தள்ளிப்போடாதீங்க." கழுத்தை யாரையும் முறுக்க விடக் கூடாதாம்.

செப்டம்பர் 23
வெளியே 7,500. பெரியாஸ்பத்திரியில் 2,500, ஆனால் அங்கே ஓ.பி. சீட்டுப் போட்டு, அங்குள்ள டாக்டர் எழுதித் தர வேண்டும்.

லைனிங் ப்ளவுஸுக்குக் கூலி 300. அப்படியென்றால் 25 ப்ளவுஸ். தீபாவளிக்கு வாங்கி வைத்திருப்பதே நாற்பதுதான்.

செப்டம்பர் 24
கையை மூடித் திறந்து எண்ணினேன். 15.

செப்டம்பர் 26
காலை ஏழு மணிக்கே போயும் எனக்கு முன்னால் பெரிய வரிசை. டாக்டர் பொண்ணு சின்ன வயசு, நன்றாகத்தான் பார்த்தாள். அவளும் நகத்தைச் சுண்டினாள், கட்டைவிரல் மறுபடி துள்ளியது. எழுதிக் கொடுத்துவிட்டாள். ஸ்கேன் அறையில் கொடுத்த தேதி அக்டோபர் 24. காப்பீட்டு அட்டையை நீட்டினேன். "இது அட்மிஷன் ஆனா பாத்துக்கலாம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

நான் நிற்கும்போதே தலையில் கட்டோடு ஒரு பையனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் வழிவிட்டோம். நான் நடந்து வந்தவள்தானே.

செப்டம்பர் 28, ஞாயிறு
நாத்தனார் வந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த வர்ம வைத்தியர் ஒருவர் ஒரே திருப்பில் சரிசெய்துவிடுவாராம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க" என்று வடையை எடுத்துக்கொண்டாள்.

இவர், "காசைப் பாக்காத, வெளியிலயே எடுத்துரு" என்றார். அரை மணி கழித்து, "எவ்வளவு சொன்னே?" பாவம், அவரும்தான் என்ன செய்வார். கையில் இருப்பது மகளின் ஹாஸ்டல் பணம் மட்டும். அவளிடம் போனில் சொன்னால், "எடும்மா, இதுக்கெல்லாம் யோசிப்பியா?" என்கிறாள். எந்தப் பணம் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 1
ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கத்தரிக்கோலுக்கும் ஒரு பொட்டு. இன்று மிதிக்கக் கூடாது என்பதில் இந்த வருடம் எனக்கு எவ்வளவு நிம்மதி!

அக்டோபர் 5
தூக்கமில்லை. மணி இரண்டு.

ஊசியில் நூல் கோக்கக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கரண்ட் அடித்த மாதிரி இறங்குகிறது. நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது. இதை இவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், இவர் படிக்க மாட்டார்.

24-ஆம் தேதிக்கு 19 நாள். தீபாவளி 20-ஆம் தேதியே முடிந்துவிடும். எல்லாத் துணியையும் தைத்துக் கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, 2,500-லேயே எடுத்துவிடலாம். 5,000 மிச்சம். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஐந்து நாளாக இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பாக வரவில்லை.

ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால்? முப்பது வருஷம் குனிந்தே தைத்த கழுத்து. ஸ்கேனை நாளைக்கே ஒருத்தர் இனாமாக எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் ஓடிப் போவேனா? தெரியவில்லை. தீபாவளி முடியட்டும் என்பேன் போலிருக்கிறது.

கொசு வேறு.

அக்டோபர் 8
13. அசந்திருந்ததால் இருக்கும் என்று டீ குடித்துவிட்டு மறுபடி எண்ணினேன். 13.

அக்டோபர் 9
மாடி வீட்டு டீச்சர் ப்ளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஐந்து கொக்கியில் மூன்று கோணல். இதுவரை என் கடைக்குக் கொக்கிக்காக ஒரு துணி திரும்பியதில்லை. "அவசரமில்லக்கா, மெதுவா குடுங்க" என்றார் டீச்சர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் ஹாஸ்டல் பணத்தை எண்ணி எடுத்துத் தனியாக வைத்தேன்.

அக்டோபர் 11, சனி
தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, மாமியார் சொன்னபடி மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன். மூக்குத்தி கழன்றது, மெட்டி வரவில்லை. அங்கே இருந்த பொண்ணு சோப்புப் போட்டு இழுத்தாள். இடது காலில் இழுத்ததே எனக்குத் தெரியவில்லை. "வந்துருச்சாம்மா?" என்று கேட்டேன். கையில் வைத்துக் காட்டினாள்.

ப்ளவுஸில் கொக்கி இருக்கிறது, இரும்பு எதுவும் ஆகாது, கழற்றிவிட்டு இந்தக் கவுனைப் போடுங்கள் என்றாள். திரைக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் கொக்கி வரவில்லை. வீட்டில் இவர்தான் போட்டுவிட்டார். வெளியே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். கடைசியில் அவளையே உள்ளே வரச் சொன்னேன்.

"என்ன வேலை பாக்குறீங்கக்கா?" என்றாள், கழற்றிக்கொண்டே.

அக்டோபர் 11, மதியம்
ரிப்போர்ட் ஆறு மணிக்கு.