1987 டாப்ஸ் பெட்டியைப் பிரித்துத் தொகுப்பை நிரப்பும் முயற்சி: இதுவரை

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைப் பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் பெட்டிகளை இன்று வாங்குவோரில் பலர், அதற்குள் ஒளிந்திருக்கக்கூடிய ஒரே ஒரு விலையுயர்ந்த அட்டைக்காகத்தான் அவற்றைப் பிரிக்கிறார்கள். எனக்கு இருந்த ஆசை வேறு. ஓர் ஆண்டுக்கென எண்ணிட்டு வெளியிட்ட அட்டைத் தொகுப்பை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை, பாக்கெட்டுகளைப் பிரித்தே எவ்வளவு தூரம் நிரப்ப முடியும் என்று பார்க்க விரும்பி, டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1987 தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் காலத்தில் அட்டைகளைக் கணக்கு வழக்கில்லாமல் அச்சிட்டுத் தள்ளியதால், பிரிக்கப்படாத பெட்டி இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைத்துவிடுகிறது. பெட்டிக்கு 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 17 அட்டை, ஆக 612. தொகுப்பில் இருப்பவையோ 792. ஓர் அட்டைகூட இரண்டாம் முறை வராவிட்டாலும் ஒரு பெட்டியால் தொகுப்பு நிறையாது என்பது வாங்கும்போதே தெரிந்த கணக்குதான்.

இப்போதைய பாக்கெட்டுகளின் பளபளக்கும் உறையை ஓரத்தில் கிழித்தால்தான் திறக்க முடியும். 1987 பாக்கெட்டின் உறை மெழுகு பூசிய தாள். பின்பக்க மடிப்பைச் சூடேற்றி ஒட்டியிருப்பார்கள். நகத்தை மடிப்பின் அடியில் நுழைத்து மெல்லத் தூக்கினால், சின்னதொரு சத்தத்தோடு, தாள் கிழியாமலே பிரிந்துவிடுகிறது. இவ்வளவு எளிதாகப் பிரிவதே வாங்குபவருக்குத் தலைவலியும் கூட. யாரோ முன்பே பிரித்து, நல்ல அட்டைகளை எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டி விற்கவும் இடமுண்டு. ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டையும் திறப்பதற்கு முன் மடிப்பு நேராக இருக்கிறதா, மெழுகு இரண்டு முறை உருகிய தடம் தெரிகிறதா என்று விளக்கடியில் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சூயிங்கம் பட்டை இருக்கும். டாப்ஸ் தொடக்கத்தில் ஒரு சூயிங்கம் நிறுவனம். பேஸ்பால் அட்டைகளை 1951-இல் வெளியிடத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் பாக்கெட்டுகளுக்குள் சூயிங்கம் வைப்பதை நிறுத்திவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய இந்தப் பட்டை, விரல் பட்டதும் ஓடு போல உடைந்து பொடியாகிறது. அதை ஒட்டிக் கிடந்த அட்டையில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது; அதற்கு மருந்தில்லை. மெழுகுக் கறை அவ்வளவு மோசமில்லை. நைலான் காலுறைத் துணியால் வட்டமாகத் தேய்த்தால் முன்பக்கத்து மெழுகு போய்விடுகிறது என்று பழைய சேகரிப்பாளர்கள் சொல்வதைச் செய்து பார்த்தேன், உண்மைதான். பின்பக்கத்துச் சொரசொரப்பான காகித அட்டையில் மட்டும் அது பலிக்கவில்லை.

இந்தத் தொகுப்பை அடையாளம் காட்டுவது அதன் ஓரச் சட்டம்தான். மரப்பலகையின் வரிகளை அச்சிட்டு, 1962 தொகுப்பின் தோற்றத்தை நினைவூட்டும்படி செய்திருக்கிறார்கள். பதினேழு அட்டைகளை விசிறியாகப் பிடித்தால் கையில் ஒரு மரத்தளமே விரிந்தது போல இருக்கிறது.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி அட்டைகள் வரும் வரிசையில் இருந்தது. அச்சுத்தாள் ஒன்றுக்கு 132 அட்டைகள், ஆறு தாள்கள் சேர்ந்தால் 792. தாள்களை வெட்டி அடுக்கி, அந்த அடுக்கிலிருந்தே இயந்திரம் பாக்கெட்டுகளை நிரப்பியதால், ஒரே பெட்டிக்குள் குறிப்பிட்ட அட்டைக்குப் பின் குறிப்பிட்ட அட்டை மீண்டும் மீண்டும் வருகிறது. பாதிப் பெட்டி முடிவதற்குள் எனக்கு அது பிடிபட்டுவிட்டது. ஓர் ஆட்டக்காரரின் முகத்தைக் கண்டதும் அடுத்து வரப்போகிறவரின் பெயரைச் சொல்லிவிட்டுத் திருப்புவேன். சொன்னபடி வந்தாலும் குதூகலம், வரிசை தப்பிப் புதியவர் எட்டிப் பார்த்தாலும் குதூகலம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அண்மைய ஆண்டின் டாப்ஸ் முதல் தொடரிலும் சில பாக்கெட்டுகள் வாங்கினேன். எந்தச் சிறப்பு அட்டை எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்று நிறுவனமே அறிவித்துவிடுகிறது. வண்ணம் மாற்றியவை, வரிசை எண் பொறித்தவை, கையொப்பமிட்டவை என்று சிறப்பு அட்டைகளுக்குப் பஞ்சமில்லை. இந்த முறையின் உச்சம் பிட்ஸ்பர்க் அணியின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் அட்டை. அவர் முதல் ஆட்டத்தில் அணிந்த சீருடையின் சிறு முத்திரைத் துணியைப் பதித்து, உலகில் ஒன்றே ஒன்றாக வெளியிட்ட அதை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் பிரித்தெடுத்தான். 2025 மார்ச்சில் அது பதினொரு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அப்படி ஒன்று கையில் வந்தால் நானும் வேண்டாமென்று தள்ளப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பாக்கெட்டுகளைப் பிரிக்கும்போது, சாதாரண அட்டைகளைப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டு மினுமினுப்பைத் தேடும் பழக்கம் என் விரல்களுக்கும் வந்துவிட்டது. 1987 பாக்கெட்டில் தேடுவதற்கு மினுமினுப்பே இல்லை. 700-க்கு மேற்பட்ட எண் ஒன்றில், யாரும் நினைவில் வைத்திராத ஒரு மாற்றுப் பந்துவீச்சாளர் வந்தாலும், பட்டியலில் அவருடைய கட்டம் காலியாக இருந்தால் அவர் எனக்கு நட்சத்திரம்தான்.

எண் வாரியாக அடுக்கி, ஒன்பது அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பக்கங்களில் செருகிவிட்டேன். பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களில் மார்க் மெக்வயரின் 366-ஆம் எண் அட்டை கிடைத்தது. எதிர்கால நட்சத்திரம் என்ற வானவில் எழுத்துகளோடு போ ஜாக்சனின் 170-ம் வந்தது, ஆனால் படம் இடப்பக்கம் நன்றாகவே ஒதுங்கி அச்சாகியிருக்கிறது. பிட்ஸ்பர்க் அணியின் சீருடையில் இளைஞராக நிற்கும் பாரி பாண்ட்ஸின் 320 இன்னும் வரவில்லை. அதைத் தனியாக வாங்கினால் பெரிய செலவில்லை. இருந்தாலும் பாக்கெட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று வைத்திருக்கிறேன். அடுத்த பெட்டியை வேறொரு விற்பனையாளரிடம் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். ஒரே இருப்பிலிருந்து வரும் பெட்டிகளில் அதே வரிசை திரும்பவும் வரக்கூடும் என்பதால்.