சிபிஎல் வானிலைத் தாள்: சிக்வெக்ஸ் சார்ட்டை நான் படித்த விதம்

சிபிஎல் எனும் வணிக விமானி உரிமத்துக்கு, இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏ நடத்தும் வானிலைத் தாளில் 70 சதவீதம் வந்தால்தான் பாஸ். முதல் முறை எனக்கு வரவில்லை. விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டார் பற்றிய கேள்விகளைச் சரியாகவே போட்டேன். மார்க் போனது, வழியில் வரக்கூடிய ஆபத்தான வானிலையை முன்கூட்டியே காட்டும் வரைபடமான சிக்வெக்ஸ் சார்ட்டில்தான். குறியீடுகளை வரிசையாக உருப்போட்டு வைத்திருந்தேன், படமாகப் பார்த்ததும் எல்லாம் கலங்கிவிட்டது.

அடுத்த முறை, இந்தச் சார்ட்டை யார், எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினேன். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஏற்பாட்டின்படி உலகம் முழுவதற்கும் இதைத் தருவது லண்டன், வாஷிங்டன் என்ற இரண்டே மையங்கள். ஒன்று முடங்கினால் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டும் தனித்தனிக் கணினி மாதிரிகளை ஓட்டுகின்றன. ஆனால் சிபி (குமுலோநிம்பஸ் எனும் இடிமேகம்), ஐசிங் (விமானத்தில் பனி உறைவது), டர்புலன்ஸ் (காற்றுக் கொந்தளிப்பு) தரவுகளை மட்டும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். ஒரே வானத்துக்கு இரண்டு பதில் இருந்தால் விமானி எதை நம்புவார்? மேகப் பரப்பைச் சுற்றி முன்பு கையால் வரைந்த வளைவுகளை இப்போது பெரும்பாலும் அந்தத் தரவிலிருந்து கணினியே வரைகிறது.

எனக்கு விளக்கு எரிந்த இடம் இதுதான். அந்தத் தரவு கால் டிகிரிக் கட்டங்களாக வருகிறது. நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். தனி சிபி ஒன்று அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் "சிபி இங்கே நிற்கும்" என்று சார்ட்டால் சொல்ல முடியாது. இந்தப் பரப்பில் இவ்வளவு பங்கு என்றுதான் சொல்லும். ஐசோலேட்டட் என்றால் 50 சதவீதத்துக்குக் கீழ், அக்கேஷனல் 50 முதல் 75, ஃப்ரீக்வென்ட் அதற்கு மேல். காரணம் புரிந்தபின் இந்த எண்கள் எனக்கு மறக்கவே இல்லை.

அப்புறம், உயரம் எழுதும் முறை. மேலே 450, கீழே மூன்று எக்ஸ் என்றிருந்தால், மேக உச்சி 45,000 அடி மட்டம். அடிப்பகுதி, உயர்மட்டச் சார்ட்டின் கீழ் எல்லையான 25,000 அடிக்கும் கீழே எங்கோ இருக்கிறது. தரையைத் தொடுகிறது என்று பொருளல்ல. நான் தவறவிட்ட கேள்வி இதுவே. சிபி என்று எழுதியிருந்தாலே இடி, ஐசிங், டர்புலன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம், தனியாகத் தேடாதீர்கள்.

காற்றுச் சார்ட்டில் வெப்பநிலைக்கு மைனஸ் குறி இருக்காது, குறியில்லாத எண் மைனஸ் என்றே பொருள். அவசரத்தில் பிளஸ் என்று போட்டுவிடுவோம், கவனம்.

தினமும் 12 யுடிசி (உலகப் பொது நேரம்) சார்ட் ஒன்றை எடுங்கள். நம் நேரம் மாலை ஐந்தரை. அந்த நேரத்து இன்சாட் செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பக்கத்தில் வைத்து, வங்கக் கடலில் வளைவுக்குள் எவ்வளவு மேகம், வெளியே எவ்வளவு என்று பென்சிலால் குறியுங்கள். நான் மூன்று வாரம் செய்தேன்.