செட்டிநாட்டு வீட்டில் குரல் பதிவு: எந்த அறை, எந்த மைக், யாருக்கு உரிமை

தானே எழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிட நினைக்கும் பிள்ளைகள் முதல் பாட்டுக்கே சென்னை ஸ்டுடியோவில் காசைக் கொட்ட வேண்டியதில்லை. 2020-இல் கிராமி விருதுகளை அள்ளிய பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் பெரும்பாலும் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானதுதான். காரைக்குடிக்கும் ஒலிப்பதிவு புதிதில்லை, 1940-களில் ஏ.வி.எம். ஸ்டுடியோவே தேவகோட்டை ரஸ்தாவில்தான் நடந்தது.

இங்கே சிக்கல் வீடுதான். ஆத்தங்குடிக் கல் தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை: எதுவும் ஒலியைக் குடிக்காது. பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பாடினால் குரலுக்குக் கோயில் மண்டபக் களை வரும், கேட்க சுகம். ஆனால் பில்லி ஐலிஷ் பாணி ஆல்ட்-பாப்புக்கு வேண்டியது காதோரம் முணுமுணுக்கும் குரல். குரலோடு சேர்ந்து பதிவான எதிரொலியைப் பிறகு பிரிக்கப் போனால் குரலே தகரமாகிவிடும்.

ஆகவே வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய சிறிய அறை ஒன்றைப் பிடியுங்கள். சாமான் நிறைந்திருந்தால் இன்னும் நல்லது. கை தட்டிப் பாருங்கள்; 'டிர்ர்' என்று அதிர்வு வந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. கண்டாங்கிச் சேலையைத் தொங்கவிட்டுப் பயனில்லை. மெல்லிய துணி கீச்சொலியை மட்டும் குறைக்கும், 'பொம்' அப்படியே நிற்கும். இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், அதுவும் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். பலரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக் அந்தப் பக்கம் ஏற்கெனவே மந்தம்; அது பார்த்திருப்பது உங்கள் முகத்தையும் பின்சுவரையும்தான். தரைக்கு இரண்டு ஜமுக்காளம்.

மேடைகளில் பார்க்கும் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் வாய்க்கு 5 செ.மீ. நெருக்கத்தில் அறையொலியை அவ்வளவாக வாங்காது. ஆனால் மெல்லப் பாடும் குரலுக்குக் கெயினை (ஒலிப் பெருக்கத்தை) மிக ஏற்ற வேண்டியிருக்கும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானதென்றால் இரைச்சல் எழும். நுண்ணொலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் என்றால் 15 செ.மீ. தள்ளி, சற்றே சாய்த்து வையுங்கள். 'ப்ப' வெடிப்பும் 'ச' சீறலும் அடங்கும். பதிவு மென்பொருளில் 24 பிட் தரத்தை வையுங்கள்; உரத்த வரியிலும் ஒலி அளவு -10 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் சார்ஜர் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் போகும். மயில் அகவினால் அந்த டேக் போயிற்று, வேறு வழியில்லை.

பட்டாலையை வீணாக்க வேண்டாம். பதிவான குரலை அங்கே ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, 10 மீட்டர் தள்ளி மைக் வைத்துத் தனி ட்ராக்கில் பிடியுங்கள். ஒலி வந்துசேர சுமார் 29 மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தால் வார்த்தை தெளிவாக முன்னே நிற்கும். அந்த ட்ராக்கில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடியொலியை வெட்டிவிட்டு, மூலக் குரலுக்கு அடியில் கொஞ்சமாகக் கலந்தால் போதும். ரெடிமேட் பிளக்-இன் (மென்பொருள் துணைக்கருவி) தரும் ரிவெர்ப்பில் (செயற்கை எதிரொலியில்) உங்கள் வீட்டின் இந்தச் சாயல் இருக்காது.

வெளியீட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்புங்கள். கடந்த 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பதிவுரிமைக் காசு வராது. ஒவ்வொரு பதிவுக்கும் தனியான ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைப் பொதுவாக, பாட்டைத் தளங்களில் ஏற்றும் விநியோக நிறுவனமே தந்துவிடும், ஆனால் அது பதிவுக்கான அடையாளம் மட்டுமே. வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டிக்கு, பாடலாசிரியர்-இசையமைப்பாளர் உரிமை அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் தனியாகச் சேர வேண்டும். மெட்டில் கைவைத்த நண்பருக்கு எத்தனை சதவீதம் என்பதை வெளியிடும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கும் 'லீஸ்' பீட்டில் (பயன்படுத்த மட்டும் உரிமம் தரும் ஆயத்த பின்னணி இசையில்) கூடுதல் கவனம் வேண்டும். அதே பீட்டை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். ஒருவர் அதை யூடியூபின் தானியங்கி உரிமைக் கண்டறியும் முறையான கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிட்டால் உங்கள் பாட்டுக்கு உரிமைக்கோரல் வரும், விளம்பரக் காசு அந்தப் பக்கம் போகும். லைசென்ஸ் பி.டி.எஃப்.பும் பணம் கட்டிய ரசீதும் கையிலிருந்தால்தான் உங்கள் மறுப்புக்கு வலு இருக்கும்.