68-ஆ, 70-ஆ?

எங்கள் டெட்ராய்ட் ஊர்க் கூடைப்பந்து டீம் பிஸ்டன்ஸ் ஜெயித்துவிட்டது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரப்போகிற புலம்பலில் பாவம், அது அமுங்கிப் போய்விடும். 2023 டிசம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி, டெட்ராய்ட் லிட்டில் சீசர்ஸ் அரங்கில் டொரான்டோ ராப்டர்ஸை 129-127 என்று அடித்துவிட்டார்கள். இதற்கு முந்தைய வெற்றி அக்டோபர் 28. நடுவில் வரிசையாக 28 தோல்வி.

அதே ராத்திரி எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் லயன்ஸ், டல்லஸ் கவ்பாய்ஸிடம் 20-19 என்று தோற்றது. தோற்றது என்று ஸ்கோர்போர்டு சொல்கிறது. நான் சொல்லமாட்டேன்.

ஒரே ஊர், ஒரே ராத்திரி. 3 வெற்றி 29 தோல்வி, அதாவது 3-29 என்று நிற்கிற கூடைப்பந்து டீம் ஜெயித்ததற்கு ஊரே துள்ளுகிறது. 11-5 என்று நிற்கிற ஃபுட்பால் டீம் தோற்றதற்கு ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியூர்க்காரன் பார்த்தால் கணக்கு தெரியாத ஜனம் என்பான்.

28 ஆட்டம் தொடர்ந்து தோற்பதை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். ஐந்து ஆட்டத்துக்கு ஒன்றுதான் ஜெயிக்கும் என்கிற சோப்ளாங்கி டீமாகவே வைத்துக்கொண்டாலும், இருபத்தெட்டையும் தோற்பதற்கான வாய்ப்பு ஐந்நூறில் ஒன்றுதான். காசைச் சுண்டிவிட்டு இதை எட்ட முடியாது. உழைக்க வேண்டும்.

செய்முறை இப்படி. கூடைக்கு அடியில் நின்றால் மட்டுமே பந்து போடத் தெரிந்தவர்களாகப் பார்த்து இரண்டு மூன்று பேரை ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஜேலன் டூரன் எம்பினால் கூரையைத் தொடுவான். ஆனால் பதினைந்து அடி தள்ளி நின்றால் அவனை எதிராளி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அஸார் தாம்சன் தடுப்பதில் புலிக்குட்டி. மூணு பாயின்ட் கோட்டுக்கு வெளியே அவன் கையில் பந்து வந்தால் அரங்கமே கண்ணை மூடிக்கொள்கிறது. இவர்களைக் காவல் காக்க வேண்டியவன் அந்த வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றுகொள்கிறான். அப்புறம் கேட் கன்னிங்ஹாம் பந்தோடு நுழைந்தால் அங்கே தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு. முட்டி மோதி, கடைசியில் யாருக்கோ எறிகிறான். அந்த யாரோ பெரும்பாலும் எதிராளி. அவன் அப்படியே ஓடிப் போய் இந்தப் பக்கம் போடுகிறான். தூரத்திலிருந்து போடத் தெரிந்த பொக்டானோவிச், கெண்டைக்காலில் அடிபட்டு நவம்பர் முழுக்க பெஞ்சில். இவ்வளவுதான் விஷயம். இதையே 48 நிமிஷம், வாரத்துக்கு மூணு நாலு தடவை செய்துகொண்டே இருந்தால் சாதனை தானாக வரும்.

வந்தது. டிசம்பர் 26-ஆம் தேதி ப்ரூக்ளினிடம் வாங்கியது 27-ஆவது அடி. ஒரே சீசனில் இத்தனை தொடர் தோல்வி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. சரித்திரத்திலேயே கிடையாது. அன்றைக்கு கேட் தனியாளாக 41 பாயின்ட் போட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐந்து பேர் ஆட்டத்தில் ஒருத்தன் மட்டும் இழுத்தால் தேர் நகருமா? இரண்டு நாள் கழித்து பாஸ்டனில் 21 பாயின்ட் முன்னிலை. இருபத்தொன்று! வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை, திருஷ்டி பட்டுவிடும் என்று. ஓவர்டைம் வரை கொண்டுபோய் 128-122 என்று கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பிஸ்டன்ஸ் கோச்சுக்கு அப்போது ஆறு வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர். கையெழுத்துப் போட்டபோது என்.பி.ஏ.-வில் எந்தக் கோச்சுக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடையாது. வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு சுமார் 1.6 லட்சம் டாலர். 32 ஆட்டம், 3 வெற்றி. ஆக வெற்றி ஒன்றுக்கு 17 லட்சம் டாலர் அடக்க விலை. காய்கறிக் கடையில் இந்த விலை சொன்னால் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்போம்.

"தோத்தா நல்லதுதானே, அடுத்த வருஷம் முதல் ஆளை எடுக்கலாமே?" என்று மாமனார் கேட்டார். கிரிக்கெட்டில் ஏலம் பார்த்துப் பழகியவர். இங்கே ஏலம் கிடையாது, புது ஆட்களில் யாருக்கு முதல் ஆள் என்பதைத் தோற்ற டீம்களுக்குள் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். மாமா, அந்தக் கதையும் ஆயிற்று. போன சீசனில் 17-65 என்று கடைசி இடத்தைக் கஷ்டப்பட்டுப் பிடித்தோம். கடைசி மூன்று டீமுக்கும் முதல் ஆள் கிடைக்கிற வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். அடிமட்ட டீம் எவ்வளவு சறுக்கினாலும் ஐந்தாவது இடத்துக்குக் கீழே போகாது என்றும் விதி. குலுக்கினார்கள். கரெக்டாக ஐந்தாவது. அந்த முதல் ஆள், வெம்பன்யாமா, சான் அன்டோனியோவுக்குப் போனான். சட்டம் எவ்வளவு ஆழம் அனுமதிக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கும் இறங்கிப் பார்த்துவிடுவது பிஸ்டன்ஸின் குணம்.

சனிக்கிழமை ஜெயித்ததிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. ராப்டர்ஸ் அன்றைக்குத்தான் அனுனோபியோடு சேர்த்து மூன்று பேரை நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தார்கள். மாற்று ஆட்கள் இன்னும் வந்து இறங்கவில்லை. பந்தியில் பாதி இலை காலி. அப்படியும் இரண்டே பாயின்ட் வித்தியாசத்தில்தான் தப்பித்தோம். கேட் 30 பாயின்ட், 12 அசிஸ்ட். போகட்டும், மொய் மொய்தான், கவரைத் திருப்பிப் பார்க்கக்கூடாது.

இப்போது லயன்ஸ். 1957-க்குப் பிறகு கோப்பை கிடையாது. அதற்கப்புறம் 2023 முடிகிற வரைக்கும் ப்ளேஆஃபில் ஜெயித்ததே ஒரு ஆட்டம்தான், 1992 ஜனவரியில். அதுவும் இதே டல்லஸை. 2008-ல் 16 ஆட்டமும் தோற்றார்கள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று நாடு பார்க்கத் தோற்பது அப்போதெல்லாம் திவசம் மாதிரி, வருஷம் தவறாது. 2023-ல் க்ரீன் பே கையால் நடந்ததோடு சேர்த்துத் தொடர்ச்சியாக ஏழு. பக்கத்து ஊர் பான்டியாக்கில் ஆடிக்கொண்டிருந்த டீம் 2002-ல் டவுன்டவுனுக்கு மாறிவிட்டது. பான்டியாக்கில் இப்போது கருமாரியம்மன் இருக்கிறாள். இன்னும் கொஞ்ச காலம் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கலாம் என்பது எங்கள் வீட்டில் ஒரு கட்சியின் கருத்து.

லயன்ஸ் கோச் டான் கேம்ப்பெல், வந்த முதல் நாளே, கீழே விழுந்தால் எழுந்திருக்கும்போது எதிராளியின் முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டு எழுவோம் என்று பேசிய மனுஷன். எல்லாரும் சிரித்தோம். மூன்றாவது சீசன் முடிவதற்குள், டிசம்பர் 24-ஆம் தேதி மினசோட்டாவில் 30-24. டிவிஷன் பட்டம், 30 வருஷத்துக்குப் பிறகு. சிரித்த வாயை மூடிக்கொண்டோம்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஆறு நாள்.

டல்லஸ் 20-13 என்று முன்னால் நிற்கிறது. 23 விநாடி மிச்சம் இருக்கும்போது நம்ம காஃப் எறிந்ததை செயின்ட் ப்ரவுன் பிடித்து டச்டவுன், ஆறு பாயின்ட். 20-19. இந்த இடத்தில் லோகத்தில் எல்லாரும் செய்வது, ஒரு உதை உதைத்து ஒரு பாயின்டைச் சேர்த்து, சமன் செய்து ஓவர்டைமுக்குப் போவது. கேம்ப்பெல் உதைக்கிற ஜாதி இல்லை. 2 கெஜத்திலிருந்து ஒரே முயற்சி, உள்ளே போனால் இரண்டு பாயின்ட், ஆட்டம் முடிந்தது.

இங்கேதான் அந்த எண் விவகாரம். 50-லிருந்து 79 வரை எண் போட்டவர்கள் முட்டுக்கொடுக்கிற ஜாதி. பந்தை முதலில் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அப்படி ஒருத்தன் பிடிக்க வேண்டுமென்றால் அந்த முயற்சிக்கு முன்னால் ரெஃபரியிடம் போய், கையால் நெஞ்சை மேலும் கீழும் தடவிக் காட்டி ரிப்போர்ட் செய்ய வேண்டும். ரெஃபரி அதை எதிர் டீமுக்கும் சொல்லி, மைக்கிலும் அறிவிப்பார். லயன்ஸ் இதில் ஒரு நரி வேலை செய்தது. டெக்கர் 68, ஸ்கிப்பர் 70, சூவல் 58, மூன்று தடியன்களும் ரெஃபரியை நோக்கி நடந்தார்கள். யார் சொல்கிறார்கள் என்று டல்லஸ் குழம்ப வேண்டும் என்பது திட்டம். அன்று ஆட்டம் முழுக்கக் கூடுதல் முட்டுக்கு வந்து ரிப்போர்ட் செய்துகொண்டிருந்தவர் 70. இந்தத் தடவை சொல்ல வேண்டியவர் 68.

குழம்பியது டல்லஸ் இல்லை, ரெஃபரி. மைக்கில் 70 என்று அறிவித்துவிட்டார். காஃப் எறிய, 68 பிடிக்க, நாங்கள் சோபாவிலிருந்து குதிக்க, தரையில் மஞ்சத்துணி. உரிமையில்லாதவன் பந்தைத் தொட்டானாம்.

நான் சொன்னேன் என்கிறார் டெக்கர். சொன்னது 70-தான் என்கிறார் ரெஃபரி. ஆட்டத்துக்கு முன்னாலேயே இந்தத் திட்டத்தை நடுவர்களிடம் விளக்கியாயிற்று என்கிறார் கேம்ப்பெல். பெண் பார்க்க வந்த இடத்தில் அக்காவைக் காட்டினீர்களா, தங்கையைக் காட்டினீர்களா என்கிற பஞ்சாயத்து மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது.

அபராதம் 5 கெஜம், 7 கெஜத்துக்குத் தள்ளினார்கள். இப்போதாவது உதைத்து ஓவர்டைம் பார்க்கலாம் இல்லையா? மாட்டார். மறுபடி எறிந்ததை டல்லஸே பிடித்துவிட்டது. ஆனால் மைக்கா பார்சன்ஸ் கோட்டைத் தாண்டி முன்னாலேயே பாய்ந்திருந்தான், செல்லாது. பாதி தூரம் குறைத்து மூன்றரை கெஜம். இப்போதாவது? ம்ஹூம். மூன்றாவது தடவை எறிந்தது மிட்செல் கைக்குச் சேராமல் தரையில். ஒரே பரீட்சையை மூன்று தடவை எழுதினோம். பாஸானதை வினாத்தாள் மாறிவிட்டது என்று கிழித்தார்கள், ஃபெயிலானதை வைத்துக்கொண்டார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், மெதுவாகச் சொல்கிறேன். கடைசியில் நமக்குப் பந்து கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டல்லஸ் ஆள் காலைத் தடுக்கிவிட்டான் என்று ஒரு கொடி விழுந்தது. ரீப்ளேயில் பார்த்தால் கால் நம்ம ஹட்சின்சனுடையது. அதைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை.

பிஸ்டன்ஸ் தோற்றால் வலிப்பதில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு ஆட்டம் வந்துவிடும். 82 ஆட்டம், துக்கம் அனுசரிக்க நேரமே கிடையாது. லயன்ஸ் வாரத்துக்கு ஒன்று, மொத்தமே 17. அடுத்தது ஜனவரி 7, சொந்த ஊரில் மினசோட்டாவோடு. அதுவரை ஒரே ரீப்ளேயை இருபது கோணத்தில் பார்த்துக்கொண்டு, ஸ்கிப்பர் மைதானத்துக்குள் ஓடி வருகிற இடத்தில் நிறுத்தி, டெக்கரின் வாய் அசைகிறதா என்று டிவி பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அசைகிறது. எனக்குத் தெரிகிறது. வீட்டில் மற்றவர்களுக்கு ஏனோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். சர்க்கரைக்காக டாக்டர் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காபி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒன்று ஆறு மணிக்கே ஆயிற்று. பேசாமல் நின்றார். அப்புறம் வலது கையை எடுத்து, பனியன்மேல் மேலும் கீழுமாக மெதுவாகத் தடவிக் காட்டினார்.

"என்னப்பா பண்றேள்?"

"ரிப்போர்ட் பண்றேன்டி. எனக்கு அறுபத்தெட்டு முடிஞ்சுதோ இல்லையோ, எலிஜிபிள்."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டிகாக்‌ஷன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அரை டம்ளர் கலந்து, சர்க்கரை போடாமல், அவர் கையில் கொடுத்தாள்.