நடு அடுக்கு மாங்கட்டை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கொல்லை மாமரத்தை வேரோடு சாய்த்தது. அப்பத்தா கன்றாக வைத்து வளர்த்த மரம். அன்றைக்கு வடகாடு, கீரமங்கலம் பக்கம் எங்கே பார்த்தாலும் விழுந்த மரம்தான். எங்கள் கட்டையை விறகுக்குக்கூட வாங்க ஆள் கிடைக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று அடுக்காகப் போட்டதோடு மறந்துபோனோம்.

அடுத்த ஆவணியில் பிரித்தேன். மண்ணில் கிடந்த அடி அடுக்கு மக்கி, கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. மேல் அடுக்கு வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. நடு அடுக்கில் ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். வெளுத்துப்போன மரத்தில், மெல்லிய பேனாவால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடுகள். மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வயல் வரப்பு போல வளைந்து வளைந்து ஓடின.

உண்மையிலேயே அவை வரப்புகள்தான். மரத்துக்குள் இறங்கிய பூஞ்சைகள் ஒன்றையொன்று அண்டவிடாமல் தத்தம் எல்லையில் போட்டுக்கொள்ளும் கறுப்புச் சுவர். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை அவை தின்னத் தின்ன மரம் வெளுக்கும், கூடவே இளகும். கோடு விழுந்த பிறகு, மரம் இற்றுப்போவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இன்னொரு மழைக்காலம் விட்டிருந்தால் நடு அடுக்குக்கும் அடி அடுக்கின் கதிதான்.

கடைசலுக்குத் தேறுமா தேறாதா என்று பார்க்க நகமே போதும். லேசாகப் பதிந்தால் சரி. ஸ்குரூ டிரைவர் தானாக உள்ளே இறங்கினால் அடுப்புக்கு. தட்டினாலும் தெரியும், நல்ல இடம் கணீரென்னும், இற்ற இடம் பொத்தென்னும்.

ஏழு துண்டு தேறியது. ஓர் அங்குலக் கனம் விட்டு, கிண்ண வடிவில் முதல் கடைசல் பிடித்தேன். குறுக்கு வெட்டுப் பக்கமெல்லாம் மெழுகு தடவி, காகிதப் பையில் சுற்றி வைத்து, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சை அதற்கு மேல் தின்னாது. எடை மூன்று வாரம் ஒரே மாதிரி நின்றதும் மறுபடி கடைசல் மெஷினில் ஏற்றினேன். இதற்குள் இரண்டு வெடித்துவிட்டன. வருத்தம்தான்.

மெத்தென்ற இடத்தில் உளி பட்டால் மரம் சீவாது, பிய்ந்து வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் கட்டில் கால் கடைசல் பிடிப்பவர். "மரம் நோஞ்சான்னா உளி இன்னும் கூரா இருக்கணும் தம்பி" என்றார். நான்கு சுற்றுக்கு ஒரு தடவை தீட்டினேன். அதிலும் அடங்காத இடங்களில் பெவிக்விக் ஊற்றினேன். ஒவ்வொரு சொட்டையும் மரம் உறிஞ்சியது, உடனே சூடேறி, கண்ணைக் கரிக்கும் புகை வந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அரைமணி கழித்து அதே இடத்தில் உளி வைத்தபோது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய சீவல் சுருண்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்துக் கட்டை கடையலாம்.

தூசி விஷயத்தில் விளையாடாதீர்கள். பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். இந்தக் கிண்ணத்தில் சாப்பாடு வைக்கவும் வேண்டாம்.

ஐந்தில் ஒன்று அப்பத்தாவின் தலைமாட்டில் இருக்கிறது. ராத்திரி கண்ணாடியைக் கழற்றி அதில்தான் வைக்கும். விளிம்பில் ஓரிடம் மட்டும், கடைசியில் பூசிய லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) அதிகமாகக் குடித்துக் கறுத்திருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் அப்பத்தாவின் கட்டைவிரல் சரியாக அங்கேதான் போய் உட்காருகிறது.