பக்கத்து வகுப்பில் போய் உட்காரும்போது

மொரிசியஸ் தொடக்கப் பள்ளிகளில் மொழிப் பாட வேளை வந்தால் பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள். இந்திக்குச் சிலர், தெலுங்குக்குச் சிலர், வீட்டிலும் தெருவிலும் பேசும் கிரியோலுக்குச் சிலர். தமிழுக்கென்று நமக்கு வருவது ஒரு சிறு கூட்டம். பல இடங்களில் தமிழாசிரியரும் ஒருவரோ இருவரோதான். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி முடித்து வந்த இளையவருக்குச் சந்தேகம் வந்தால், கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள் என்றால், முதலில் அவர் வந்து உங்கள் பாடத்தைப் பார்க்கட்டும். சொதப்புகிற பாடமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு நீங்கள் அவருடைய வகுப்பைப் பார்க்கப் போவதற்குமுன் பத்து நிமிடம் பேசுங்கள். “எதைப் பார்க்கட்டும்?” என்று கேட்டால், “பொதுவாப் பாருங்க” என்பார். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். “யார் பேசுறாங்கன்னு பார்க்கவா?” என்று குறுக்குங்கள்.

பார்க்க இருபது நிமிடம் போதும். ஒரு தாளில் பிள்ளைக்கு ஒரு கட்டம் போடுங்கள். தமிழில் பேசினால் கோடு, கிரியோலில் பேசினால் வட்டம். ஆசிரியர் தாமே விடை சொன்னால் ஓரத்தில் பெருக்கல் குறி. ‘நன்று’, ‘சுமார்’ எல்லாம் வேண்டாம்.

பெரும்பாலும் பெருக்கல் குறிதான் நிறைந்திருக்கும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். மூன்று வினாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. நம் பிள்ளைக்கு அதுவும் போதாது. தமிழ்க் கேள்வி புரிய வேண்டும், கிரியோலில் தோன்றிய விடைக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டும். அந்த மௌனம் தாங்காமல் ஆசிரியர் “கி எதே சா?” (இது என்ன?) என்று கிரியோலுக்குத் தாவுகிறார். சும்மா இருந்தால் கிரியோல் வரும் என்று பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். கெட்டிக்காரர்கள்! மனசுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகும் விடை வராவிட்டால் படத்தைக் காட்டலாம், பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் சொல்லிப் பார்க்க விடலாம்.

இன்னொரு இடம் வாசிப்பு. பிள்ளைகளுக்குப் பழகிய பிரெஞ்சு எழுத்தில் ப-வின் இரண்டு ஒலிக்கும் (p, b) தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் ஒன்றுதான். அதனால் ‘தம்பி’யில் வரும் ப-வைப் ‘பல்’லின் ப போல வல்லென்று வாசிப்பார்கள். ஒவ்வொரு சொல்லாகத் திருத்துவது வீண் வேலை. தங்கை, மஞ்சள், வண்டி, பந்து, தம்பி என்று எழுதிப்போட்டு, மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் மெலிந்து ஒலிப்பதைக் காதால் பிடிக்க வைக்கச் சொல்லுங்கள்.

அன்றோ மறுநாளோ தாளை நடுவில் வைத்து உட்காருங்கள். அவர் முதலில் பேசட்டும். ஒரே ஒரு மாற்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு மாற்றத்தைப் பார்க்கவே இன்னும் இரண்டு முறை போங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் பத்து நிமிடம் நீங்கள் பாடம் நடத்துங்கள், அவர் தாளில் குறிக்கட்டும்.

தாள் அவருடையது. தலைமை ஆசிரியர் விசாரித்தால், “அவரையே கேளுங்க சார்” என்பதோடு நிறுத்துங்கள். ஒருமுறை வாய் தவறினாலும் அடுத்த வாரம் கதவு திறக்காது.

ஆறாம் வகுப்பில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. நெருங்கும்போது இதையெல்லாம் தொடங்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குப் போங்கள்.